உம்மம்மாவின் தையல் மெஷினும் வாசலுக்கு வரும் வியாபாரியும்

வாசகி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வியுடன் இவ்வாரக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன். கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த அவரது வீட்டில் உம்மம்மா காலத்துக் கால் மெஷின் ஒன்று இருந்தது. கறுப்பு உடல், அதன் மீது பொன்னிறப் பூ வேலை, வார்ப்பிரும்புக் கால்கள், இரு பக்கமும் சிறிய லாச்சிகள். பல வருடங்களாக அதில் எவரும் தைக்கவில்லை. அறையின் மூலையில் துணி மூடிக் கிடந்தது. ஒரு நாள் வேனில் வந்த வியாபாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ராத்தா, இது இனி ஓடாது. சாமான் எடுக்கவும் ஏலாது. இரும்பு விலைக்குத்தான் போகும்" என்று சொல்லி ஐந்தாயிரம் ரூபாவை நீட்டியிருக்கிறார். வீட்டில் பணத் தேவை இருந்த நேரம். மெஷின் வேனில் ஏறிவிட்டது.

சில மாதங்களின் பின்னர் கொழும்பிலுள்ள உறவினர் ஒருவர் ஒரு கடையில் அதே மாதிரியான இரும்புக் கால்களைக் கண்டிருக்கிறார். மெஷினைக் கழற்றிவிட்டு, மேலே பலகை ஒன்றைப் பொருத்தி, அலங்கார மேசையாக வைத்திருந்தார்களாம். விலைச் சீட்டில் இருந்த தொகை வாசகி பெற்றதைவிடப் பல மடங்கு. அது இவருடைய மெஷினின் கால்களா, வேறொன்றினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. எனினும் அன்றிலிருந்து அவருக்கு ஒரு கேள்வி: "அந்த மனுசன் என்னை ஏமாற்றினாரா? இல்லாட்டி நான்தான் ஏமாந்தேனா?"

இரண்டும் ஒன்றல்ல. வியாபாரச் சட்டத்திலும் ஒன்றல்ல, மார்க்கத்திலும் ஒன்றல்ல. இதற்கு விடை காண முன்னர், அப்படியான மெஷினின் உண்மையான பெறுமதி எதில் தங்கியிருக்கிறது என்பதை அறிய வேண்டும். அதை நன்கு அறிந்தவர்கள் பழைய இரும்பு வியாபாரிகள் அல்லர். பொழுதுபோக்காகப் பழைய தையல் இயந்திரங்களைச் சேகரிப்பவர்கள்தான்.

சேகரிப்போர் கூடும் இடத்தில்

முத்திரை சேகரிப்பவர்களையும் பழைய நாணயம் சேகரிப்பவர்களையும் நாம் அறிவோம். பழைய தையல் மெஷின் சேகரிப்பதற்கும் உலகில் பெரியதொரு கூட்டம் இருக்கிறது. பிரித்தானியாவிலிருந்து வளர்ந்த இஸ்மாக்ஸ் எனப்படும் சர்வதேச தையல் இயந்திர சேகரிப்பாளர் சங்கம் அவற்றுள் பெயர் பெற்றது. அமெரிக்காவில் 'ட்ரெடில் ஒன்' என்றொரு குழுவினர் இருக்கின்றனர். மின்சாரம் இல்லாமல் காலால் மிதித்தும் கையால் சுற்றியும் தைப்பவர்கள் இவர்கள். இவர்களது சந்திப்புகளுக்கு 'டோகா' என்று பெயர். கூட்டமும் கல்விக்கூடமும் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது.

பெயரில் 'கல்விக்கூடம்' வருவது சும்மா அல்ல. ஊர் மண்டபம் ஒன்றிலோ உறுப்பினர் ஒருவரின் வீட்டு வளவிலோ கூடுகிறார்கள். காரின் பின்பக்கத்தில் மெஷின்களை ஏற்றி வந்து மேசைகளில் வைக்கிறார்கள். இறுகிப்போன மெஷினை இளக்குவது எப்படி, தோல் பெல்ட்டை அளந்து வெட்டி மாட்டுவது எப்படி, நூலின் இழுவிசையைச் சரிசெய்வது எப்படி என்று தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டுகிறார். ஒருவரிடம் மேலதிகமாக உள்ள பொபினும் ஷட்டிலும் மற்றவரின் குறையை நிரப்புகின்றன. விற்பனையும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் வியாபாரப் பக்கம் எழுதுபவன் என்ற வகையில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. பழைய பொருள் வியாபாரத்தில் இலாபம் முழுவதும் 'எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது' என்ற இடைவெளியிலிருந்தே வருகிறது. இவர்களோ அந்த இடைவெளியையே கூட்டம் போட்டு மூடுகிறார்கள்.

அவர்களுள் ஒருவரிடம் ஒரு மெஷினைக் காட்டினால் அவர் முதலில் பூ வேலையைப் பார்ப்பதில்லை. உடலின் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கத்தைத் தேடுவார். சிங்கர் மெஷின்களில் 1900ஆம் ஆண்டுக்கு முன்னர் வெறும் இலக்கம் மட்டுமே இருந்தது. அதன் பின்னர் முன்னால் ஓர் எழுத்தும், பிற்காலத்தில் இரண்டு எழுத்துகளும் சேர்ந்தன. எந்தத் தொழிற்சாலைக்கு எந்த எழுத்து, எந்த ஆண்டில் எத்தனை இலக்கங்கள் ஒதுக்கப்பட்டன என்ற விபரங்களைச் சேகரிப்பாளர்கள் பட்டியலிட்டு வெளியிட்டிருக்கின்றனர். F, Y போன்ற எழுத்துகளும், E என்று தொடங்கும் பல இரட்டை எழுத்துகளும் ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலைக்குரியவை. G என்பது அமெரிக்காவின் நியூ ஜேர்ஸி மாநிலத்தில் எலிசபெத் நகரில் இருந்த தொழிற்சாலைக்குரியது. பட்டியலில் உள்ள திகதி இலக்கத் தொகுதி ஒதுக்கப்பட்ட திகதியே தவிர, உங்கள் மெஷின் கட்டி முடிக்கப்பட்ட நாள் அல்ல என்பதையும் அவர்கள் மறவாமல் சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான் விற்பவர்களும் வாங்குபவர்களும் அதிகம் தவறுகிறார்கள். நீல நிற ஓரம் கொண்ட வில்லையில் '1851 - 1951' என்று இருந்தால், மெஷின் 1851இல் செய்யப்பட்டது என்று நினைத்துப் பெரிய விலை கேட்போர் உண்டு. அது கம்பனியின் நூற்றாண்டை நினைவுகூரப் பதித்த வில்லை. அந்தக் காலத்தில் செய்யப்பட்ட ஏராளமான மெஷின்களில் அது இருக்கிறது. அதேபோல், ஊசிக்குக் கீழேயுள்ள தட்டில் சில வேளை 1880கள், 1890களின் திகதிகள் காணப்படும். அவை காப்புரிமை பெற்ற திகதிகள். மெஷின் அதற்குப் பல வருடங்கள் பிந்தியதாக இருக்கலாம்.

அரிதானது எது, அரிதல்லாதது எது

நமது வீடுகளில் பழைய மெஷின் என்றால் சிங்கர்தான். அக்கம்பனி 1877ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. பிரித்தானியப் பேரரசின் நாடுகளுக்குக் கிளைட்பேங்கிலிருந்தே பெருமளவில் மெஷின்கள் சென்றன. 1885இல் இயங்கத் தொடங்கிய அத்தொழிற்சாலை 1913ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 13 இலட்சம் மெஷின்களை வெளியே அனுப்பியது. 1980இல் அது மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவ்வூரின் ரயில் நிலையம் ஒன்றுக்கு இன்றும் சிங்கர் என்றே பெயர்.

ஓராண்டில் 13 இலட்சம் என்றால், 'நூறு வருடப் பழசு' என்பதற்காக மட்டும் ஒரு மெஷின் அரிதாகிவிடாது என்பது விளங்கும். சாதாரண கறுப்பு சிங்கர் கை மெஷின் ஒன்றைப் பிரித்தானியாவில் சில பத்துப் பவுண்களுக்கே வாங்கலாம். சேகரிப்பாளர்கள் தேடுவது 1850கள், 60களின் மெஷின்களையும், சில வருடங்களே இயங்கி மறைந்த சிறிய கம்பனிகளின் மெஷின்களையுந்தான்.

அவை ஏன் இவ்வளவு குறைவாக எஞ்சியிருக்கின்றன என்பதற்குப் பின்னால் ஒரு வியாபாரத் தந்திரம் இருக்கிறது. ஐசக் சிங்கரின் பங்காளியாக இருந்தவர் எட்வர்ட் கிளார்க் என்ற சட்டத்தரணி. 1850களில் ஒரு மெஷினின் விலை 125 டொலர் வரை இருந்தது. சாதாரண அமெரிக்கக் குடும்பமொன்றின் வருட வருமானமோ 500 டொலர் அளவில்தான். எனவே 1856இல் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். ஐந்து டொலரை முற்பணமாகக் கொடுத்து மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மீதியை மாதாமாதம் கட்டலாம். அதனுடன் நிற்கவில்லை. பழைய மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தால் புதியதன் விலையில் 50 டொலர் கழிக்கப்படும் என்றும் அறிவித்தார். அப்படி வந்த பழைய மெஷின்கள் திரும்ப விற்கப்படவில்லை, உடைக்கப்பட்டன. பாவித்த மெஷின் சந்தை ஒன்று உருவாகி, புதிய மெஷினின் விற்பனையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். இன்று ஒரு சேகரிப்பாளர் 1850களின் மெஷின் ஒன்றுக்குப் பெருந்தொகை கொடுக்கிறார் என்றால், அந்த விலையில் ஒரு பங்கு கிளார்க்கின் சுத்தியல் உண்டாக்கியது.

(தவணை முறையில் விலை கூட்டி விற்பதன் மார்க்கத் தீர்ப்பு பற்றி வாசகர்கள் கேட்கக்கூடும். அது தனியே எழுத வேண்டிய விடயம்.)

பழமை ஒருபுறமிருக்க, பாவனைக்கு ஏற்றதா என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது. இங்கும் சேகரிப்பாளரின் கண் நுட்பமானது. 1865இல் வந்த சிங்கர் 12ஆம் வகை மெஷின் அழகானது. வயலின் வடிவ அடித்தட்டு கொண்டது. ஆனால் அதற்குரிய ஊசி இப்போது இலகுவில் கிடைக்காது. மாறாக 15, 66, 99, 201 ஆகிய வகைகளுக்கு இன்றைய சாதாரண வீட்டு மெஷின் ஊசியே பொருந்தும். 15ஆம் வகையை ஜப்பானியர் இரண்டாம் உலகப் போரின் பின்னர் அப்படியே பிரதி செய்தார்கள். இந்தியாவிலும் சீனாவிலும் அதே அமைப்பில் செய்தார்கள். அதனால் அதன் பொபின், பொபின் பெட்டி போன்றவற்றுக்கு இன்றும் பஞ்சமில்லை. 27, 28, 127, 128 ஆகிய வகைகளில் படகு வடிவ ஷட்டிலும் நீண்ட மெல்லிய பொபினும் இருக்கும். பார்த்தால் எங்கும் கிடைக்காத பொருள் போலத் தோன்றும். ஆனால் அவையும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. 'சாமான் எடுக்க ஏலாது' என்ற வார்த்தையை நம்புமுன் மெஷின் எந்த வகை என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

சேகரிப்பாளரும் தைப்பவரும் ஒருசேர விரும்புவது 1933இல் அறிமுகமான 221ஆம் வகை. சுமார் 5 கிலோ எடையே கொண்ட சிறிய மின் மெஷின். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் அமெரிக்கப் பெண்கள் வகுப்புகளுக்குத் தூக்கிச் செல்ல இதை இன்றும் தேடி வாங்குகிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் சில நூறு டொலர் போகும். அதைவிடப் பல வருடங்கள் மூத்த கால் மெஷினுக்கு அந்த விலை கிடைக்காது.

'ஓடாது' என்பதும் பல நேரம் பொய். பல வருடங்கள் சும்மா கிடந்த மெஷினில் எண்ணெய் காய்ந்து பசையாகிவிடும். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் சொல்லத் தேவையில்லை. சில்லு அசையாது. மண்ணெண்ணெய் துளிகளை மூட்டுகளில் விட்டு, ஓரிரு நாள் பொறுத்து, மெதுவாக அசைத்து, பின்னர் மெஷின் எண்ணெய் விட்டால் பெரும்பாலானவை ஓடத் தொடங்கும். பூ வேலையின் மீது ஸ்பிரிட் பூசித் துடைக்கக் கூடாது. மேற்பூச்சு கரைந்து பொன்னிறமும் போய்விடும். அழகுபடுத்த நினைத்து விலையைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர்.

இனி நமது வாசகியின் விடயத்துக்கு வருவோம். அவரது மெஷினின் தலைப்பகுதிக்குப் பெரிய விலை இருந்திருக்க வாய்ப்பில்லை. விலை போனது கால்கள். வார்ப்பிரும்புக் கால்களைத் தேநீர்ச்சாலை மேசையாகவும் கை கழுவும் தொட்டி வைக்கும் தாங்கியாகவும் மாற்றுவது பல நாடுகளில் நாகரிகமாகிவிட்டது. ஓல்செயின்ட்ஸ் என்ற பிரித்தானிய ஆடைக் கம்பனி தன் கடை ஜன்னல்களில் நூற்றுக்கணக்கான பழைய மெஷின்களை அடுக்கி அலங்கரித்தது. சேகரிப்பாளர்களுக்கு இந்த நாகரிகம் பிடிப்பதில்லை. தலை வேறு கால் வேறாகப் பிரிந்த மெஷின் மீண்டும் தைக்கப் போவதில்லை என்பது அவர்களது ஆதங்கம். எனக்கும் அதில் உடன்பாடே. ஆனால் சந்தை ஆதங்கத்தைக் கேட்பதில்லை.

2009இல் சவூதியில் நடந்தது

தகவல் இல்லாத இடத்தில் விலை குறைந்துதான் போகும் என்பதில்லை. தலைகீழாக ஏறியும் போகலாம். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவியது. பழைய சிங்கர் மெஷின்களுக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறதாம். அது அணு சக்திக்குப் பயன்படுமாம், புதையலைக் கண்டுபிடிக்க உதவுமாம். இருக்கிறதா என்று பார்க்கக் கையடக்கத் தொலைபேசியை ஊசிக்கு அருகில் பிடித்தால் போதுமாம், இணைப்புத் துண்டிக்கப்படுமாம். சில நூறு ரியால் பெறாத மெஷின்களுக்கு 2 இலட்சம் ரியால் வரை, அதாவது 50 ஆயிரம் டொலருக்கும் மேல், விலை பேசப்பட்டதாகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. தையல் கடைகளை உடைத்து மெஷின்களைத் திருடிச் சென்ற சம்பவங்களும் செய்தியாயின. இது மோசடி என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று.

சிவப்புப் பாதரசம் என்பது இதற்கு முன்னரும் பல நாடுகளில் மோசடிக்காரர்கள் விற்ற பெயர். அப்படிச் சொல்லப்படும் ஆற்றல்களுடைய பொருள் எதுவும் கிடையாது. தையல் மெஷினில் இருப்பது வார்ப்பிரும்பும் உருக்கும் கொஞ்சம் எண்ணெயும். ஒரு மெஷினைத் தானே கழற்றிப் பூட்டிப் பார்த்த எவரிடமும் இந்த வதந்தி விலை போயிருக்காது. மார்க்கத்தின் பார்வையில் இதில் இரண்டு பாவங்கள் சேர்ந்துள்ளன. இல்லாத தன்மையை இருப்பதாகக் காட்டி விற்பது ஒன்று. வாங்கும் எண்ணமின்றிப் பிறரைத் தூண்டுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பது மற்றது. பின்னையதை 'நஜ்ஷ்' என்பார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்திருக்கிறார்கள். நமது ஊர்களிலும் யாராவது தொலைபேசியுடன் வந்து மெஷினைப் 'பரிசோதிக்க' வேண்டும் என்றால் இந்தச் சம்பவத்தை நினைவிற் கொள்ளுங்கள்.

சந்தைக்கு வருமுன் வழிமறிப்பவன்

பொருளின் குறையை விற்பவன் மறைக்கக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததும், அந்த வியாபாரியை அவர்கள் கண்டித்ததும் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்கும் சம்பவம். ஆனால் வாசகியின் விடயத்தில் விபரம் அறிந்தவன் வாங்குபவன். அறியாதவர் விற்பவர். இதற்கு என்ன சட்டம்?

அக்காலத்தில் கிராமப்புறத்தவர்களும் வணிகக் கூட்டத்தினரும் பொருட்களை ஏற்றிக்கொண்டு மதீனாச் சந்தைக்கு வருவார்கள். நகரத்து வியாபாரிகள் சிலர் ஊருக்கு வெளியே சென்று, அவர்கள் சந்தை விலையை அறிந்துகொள்ளுமுன் வழியிலேயே சரக்கை வாங்கிவிடுவார்கள். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அப்படி எவராவது வாங்கியிருந்தால், விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின்னர் வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. 'தலக்கிர் ருக்பான்' என்று பிக்ஹு நூல்கள் இதைக் குறிப்பிடும். நமது ஷாபிஈ மத்ஹபில் அவ்வியாபாரம் செல்லும், ஆயினும் விலையில் நட்டமடைந்த விற்பனையாளருக்கு முறிக்கும் உரிமை உண்டு.

ஒட்டகத்தின் இடத்தில் வேனையும், ஊருக்கு வெளியேயுள்ள பாதையின் இடத்தில் வீட்டு வாசலையும் வைத்துப் பாருங்கள். வியாபாரி இன்று வழியில் காத்திருப்பதில்லை, வாசலுக்கே வருகிறார். விற்பவர் சந்தையைப் பார்க்குமுன் விலை முடிந்துவிட வேண்டும் என்பதே அவரது அவசரம். சட்டம் இரண்டுக்கும் அப்படியே பொருந்துமா என்பதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அது உலமாக்களின் வேலை. வெறுமனே விலையில் ஏமாந்தது மட்டும் வியாபாரத்தை முறிக்கப் போதிய காரணமல்ல என்பதே ஷாபிஈ மத்ஹபின் பொது நிலைப்பாடு. ஹன்பலி மத்ஹபோ விலை அறியாமல் மற்றவரின் வார்த்தையை நம்பி விற்பவருக்கு, அவரை 'முஸ்தர்ஸில்' என்பார்கள், பெருநட்டம் ஏற்பட்டால் முறிக்கும் உரிமையை வழங்குகிறது. கருத்து வேறுபாடு இருப்பது முறிக்கும் உரிமையில்தான். பொய் சொல்லி வாங்குவதில் இல்லை. கால்களைப் பல மடங்கு விலைக்கு விற்கலாம் என்று தெரிந்துகொண்டே 'இரும்பு விலைக்குத்தான் போகும்' என்று சொன்னால் அது பொய். ஊசியும் பெல்ட்டும் கடையில் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டே 'சாமான் எடுக்க ஏலாது' என்றால் அதுவும் பொய்.

வாய்திறக்காமல் இருந்தால்? தான் அறிந்த சந்தை விலையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று வாங்குபவனைச் சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. வியாபாரி தன் அறிவுக்கும் அலைச்சலுக்கும் இலாபம் வைப்பது ஆகுமானதே. வேனுக்கு எரிபொருள் வேண்டும், பழுதான பத்து மெஷின்களுக்கு நடுவே நல்லது ஒன்றுதான் கிடைக்கும். இதை வாசகிக்கும் சொன்னேன். ஆனால் சட்டத்தின் எல்லைக்கு அப்பால் நம் முன்னோர் எங்கே நின்றார்கள் என்பதற்கு ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களின் சம்பவம் இருக்கிறது.

அவர்களது பணியாள் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலை பேசி, பணம் கொடுப்பதற்காக உரிமையாளரையும் அழைத்துவந்தார். ஜரீர் (ரழி) குதிரையைப் பார்த்தார்கள். உங்கள் குதிரை இதைவிடப் பெறுமதியானதாயிற்றே, 400க்குத் தருகிறீர்களா என்று கேட்டார்கள். அவர் சம்மதித்தார். இல்லை, இன்னும் பெறும் என்று 500 என்றார்கள். இப்படி நூறு நூறாகத் தாமே ஏற்றி, 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். ஏன் என்று கேட்கப்பட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் செய்த உறுதிமொழியைக் காரணமாகச் சொன்னார்கள். இமாம் தபரானி பதிவுசெய்த இச்சம்பவத்தை இமாம் நவவி தமது முஸ்லிம் விளக்கவுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, விற்றவர் புகார் செய்யவில்லை. அவர் 300க்கே மகிழ்ச்சியோடு இருந்தார். விலையை உயர்த்தியது வாங்குபவரின் அறிவு. பழைய பொருள் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்கள் நாடெங்கும் பலர் இருக்கிறார்கள். எல்லோரும் ஜரீர் (ரழி) ஆக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் விதவை ஒருவரின் வீட்டில் மெஷினைத் தூக்கும்போது அந்த 300க்கும் 800க்கும் இடையில் எங்காவது ஓரிடத்தில் நிற்கலாமே.

விற்க முன்னர்

வீட்டில் பழைய மெஷின் வைத்திருப்போர் முதலில் அதன் இலக்கத்தையும் வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து, அதே வகை மெஷின் உள்ளூரில் என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. பின்னையதுதான் கணக்கு. தலைக்கும் காலுக்கும் தனித்தனியே என்ன விலை என்றும் கேளுங்கள். ஊரில் மெஷின் திருத்துபவர் ஒருவர் இருந்தால் அவருக்குச் சிறுதொகை கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடுகின்ற மெஷினும் ஓடாத மெஷினும் ஒரே விலையல்ல. உடலில் வெடிப்போ, மாற்றிப்போட்ட பாகமோ இருந்தால் நீங்களும் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். அது உங்கள் பக்கத்துக் கடமை.

வாசலில் நின்று அவசரப்படுத்துபவரிடம் "நாளைக்குச் சொல்கிறேன்" என்பது கண்ணியமான பதில். விலைக்கு ஒப்புக்கொண்ட பின்னரும், இருவரும் அந்த இடத்தைவிட்டுப் பிரியும் வரை மனம் மாற உரிமை உண்டு என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. இதை 'கியாருல் மஜ்லிஸ்' என்பார்கள். காசு கைக்கு வந்துவிட்டது, இனிப் பேச முடியாது என்று நினைத்து வேன் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இதை அறிவது நல்லது.

விற்காமல் இருப்பதும் ஒரு கணக்குத்தான். வாசகியின் மகள் இப்போது தையல் வகுப்புக்குப் போகிறார். வீட்டில் இருந்து தைப்பதற்குப் புதிய மெஷின் ஒன்றின் விலையை விசாரித்தபோது ஐந்தாயிரம் ரூபா அதன் முற்பணத்துக்கும் போதவில்லை. உம்மம்மாவின் மெஷினுக்குத் தேவைப்பட்டிருக்கக் கூடியது ஒரு பெல்ட், ஓர் ஊசிப் பெட்டி, மண்ணெண்ணெய், அரை நாள் வேலை. மின்சாரம் இல்லாத நேரத்திலும் அது தைத்திருக்கும்.

அவரது கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான். வியாபாரி அறிந்துகொண்டே அந்த வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் அவர் ஏமாற்றினார், அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியவர். அறியாமல் சொல்லியிருந்தால் இருவரும் சேர்ந்து ஏமாந்தீர்கள், இலாபம் கொழும்புக் கடைக்காரருக்குப் போயிருக்கிறது. எது நடந்தது என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாச்சியின் வீட்டிலும் இதேபோன்ற மெஷின் ஒன்று இருப்பதாகவும், அதன் இலக்கம் Y என்ற எழுத்தில் தொடங்குவதாகவும் சொன்னார். அந்த வேன்காரர் அங்கும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். சாச்சியிடம் இன்னும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறார்.

தவணை முறையில் பொருள் வாங்குவதன் சட்டங்கள் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.